ரெண்டு தரம்

"ஏழு லட்சம்!" என்று ஏலக்காரர் தெய்வேந்திரன் கூவி முடிப்பதற்குள் ஜீப் இன்னொரு சாண் மேலே போய்விட்டது. கீழே நின்ற விருமாயி எட்டிப் பின்கதவுச் சங்கிலியைப் பிடித்தாள், பிடித்த கை தலைக்கு மேல் நீண்டு, குதிகால் தரையை விட்டு எழும்பி, இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தால் தன்னையும் சேர்த்து விலை கேட்டுவிடுவார்கள் என்று தோன்றவே, விட்டுவிட்டு இரண்டடி பின்னால் வந்து, இடுப்பில் கைவைத்து, முற்றத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"செகண்டு கியர் நிக்காது! முழங்கால முட்டுக்குடுத்துத்தான் ஓட்டணும்! சொல்லலயேன்னு நாளைக்கி என்னயக் கேக்கக்கூடாது!"

முன்வரிசையில் இருந்த கோயம்புத்தூர்க்காரர் சென்னியப்பன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். மில் முதலாளி. வீட்டுக்குப் பின்னால் குளிரூட்டிய கொட்டகையில் முப்பத்திரண்டு பழைய கார்களை உறை போட்டு வைத்திருப்பவர்.

"அப்படிங்களா? கம்பெனி மாட்டுன கியரு, யாரும் கை வெக்காம அப்படியே இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு விரலைத் தூக்கினார். "எட்டுங்க."

ஜீப் எட்டாவது சாண் ஏறியது.

பத்தொன்பது வருடங்களாக விருமாயி ஓட்டிய வண்டி அது. ஏலக்காய் வியாபாரி ஜமால் ராவுத்தருக்குச் சொந்தம், தினவாடகைக்கு அவளிடம் இருந்தது. விடிகாலை ஐந்தரைக்குப் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு போடியை விட்டுக் கிளம்பி, முந்தலில் செக்போஸ்ட்டைத் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, மேலே கேரளப் பக்கத்து ஏலக்காட்டில் காய் எடுக்க அவர்களை இறக்கி, சாயங்காலம் கொண்டுவந்து சேர்ப்பாள். நாலு வருடத்துக்கு முன்னால் என்றால் அந்த வண்டியைக் காயலான் கடைக்காரன்கூட இரண்டு தடவை யோசித்துத்தான் எடுத்திருப்பான். பிறகு எங்கிருந்தோ ஒரு காற்று அடித்தது. நகரங்களில் பணம் உள்ளவர்கள் பழைய வண்டிகளைத் தேட ஆரம்பித்தார்கள், முதலில் பளபளவென்று இருப்பதைத் தேடினார்கள், பிறகு பளபளப்பு அலுத்துப்போய் துருப்பிடித்ததைத் தேடினார்கள், அதுவும் பிறந்து வளர்ந்த இடத்திலேயே வைத்துப் பார்த்துத்தான் வாங்குவோம் என்றார்கள், ஆகவே பெரிய ஓட்டல்களில் விளக்குப் போட்டு ஏலம் நடத்திக்கொண்டிருந்த கம்பெனி நாற்காலிகளையும் ஷாமியானாவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போடிக்கு வந்து, ராவுத்தரின் சரக்குக் கிட்டங்கி முற்றத்தில், ஏலக்காய் வாசனைக்கு நடுவில், தை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கடை விரித்தது. வண்டியைத் தாங்களே எடுத்துவிட வேண்டும் என்று பதினோரு பெண்களும் சேர்ந்து போட்டதும் விருமாயி வளையலை அடகு வைத்ததுமாக ஒன்றரை லட்சம் தேறியிருந்தது. ஏலம் தொடங்கியதும் முதல் கேள்வி அவளுடையதுதான். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் யாரும் திரும்பியும் பார்க்கவில்லை.

வண்டிகள் விலையோடு சேர்ந்து ஏறுவது அன்று காலையில்தான் தொடங்கியது. எஸ்டேட் டாக்டர் ஒருவர் விட்டுப்போன கறுப்புக் கார் முதலில் வந்தது. ஒரு லட்சம் என்றதும் ஒரு சாண் எழும்பியது. தெய்வேந்திரன் குனிந்து அதன் அடியில் ஒருமுறை பார்த்தார், நிமிர்ந்தார், "ஒண்ணேகால்" என்றார். ஒரு பெண் குழந்தையைக் காரின் நிழலிலிருந்து தூக்கித் தள்ளி உட்கார்த்தி வைத்தாள். மூன்றாவது வண்டி முடிவதற்குள் லட்சத்துக்கு ஒரு சாண் என்று கணக்கும் தெரிந்துவிட்டது, தையல்கடை பாண்டுரங்கன் டேப்போடு வந்து அளந்து சரிதான் என்று சொல்லிவிட்டான், வாங்கியவர்கள் தங்கள் வண்டிகளின் முன்பம்பரில் கயிறு கட்டிக் காளைக்கன்றை இழுத்துப்போவதுபோலத் தேனி ரோட்டில் இழுத்துப்போனார்கள், எதிரில் வந்த பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்து ஒதுங்கச் சொன்னார்களே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. விலை ஏறினால் ஏறத்தானே செய்யும் என்பது ஊரின் எண்ணம். ஏலக்காய் ஒரே வாரத்தில் எண்ணூறிலிருந்து நாலாயிரம் போனதையும், நாலாயிரத்திலிருந்து எண்ணூறுக்கு வந்ததையும் பார்த்த ஊர் அது.

விருமாயி மட்டும் அன்று காலையில் ஒரு தவறு செய்திருந்தாள். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி என்று சீயக்காய் போட்டுக் கழுவி, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்துவிட்டாள். கம்பெனியிலிருந்து வந்த பிரீத்திகா, இரண்டு காதிலும் இரண்டு போன் வைத்து மும்பைக்காரருக்கும் துபாய்க்காரருக்கும் விலை கேட்கும் பெண், ஈரம் சொட்டும் ஜீப்பைப் பார்த்துக் கிட்டத்தட்ட அழுதுவிட்டாள்.

"ஐயோ அக்கா! ஒரிஜினல் தூசிக்கா அது! தொடக்கூடாதுன்னு நோட்டீஸ்லயே போட்டிருந்தோமே!"

"தூசியில என்னத்தா ஒரிஜினலு டூப்ளிகேட்டு? வேணும்னா சொல்லு, முந்தல் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாரேன், மூணு கிலோ அப்பிரும்."

குறை சொன்னால் விலை இறங்கும் என்று நம்பித்தான் இப்போது கத்திக்கொண்டிருந்தாள். தார்ப்பாய் ஒழுகும் என்றாள், மும்பை ஒன்பது என்றது. மழைக்காலத்தில் வைப்பர் ஓடாது, உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டு போவோம் என்றாள், பிரீத்திகா அதை இங்கிலீஷில் சொன்னதும் துபாய் ஒரேயடியாகப் பன்னிரண்டுக்குத் தாவியது. ஒன்பதாவது வளைவில் நின்றுபோகும், இறங்கி பானட்டில் இரண்டு தட்டுத் தட்டி "வாடா ராசா" என்று கூப்பிட்டால்தான் கிளம்பும் என்றபோது சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அம்மணி, நீங்க சொல்லச் சொல்லத்தானுங்க ஆசையாவுது. பதினாலுங்க."

"யக்கா, வாய மூடுறியா?" என்று பின்னாலிருந்து பதினோரு பேரில் மூத்தவளான மொக்கத்தாய் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். விருமாயியைவிட அவளுக்குப் பத்து வயது அதிகம், ஆனாலும் வண்டி ஓட்டுகிறவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "நீ வாயத் தொறக்கத் தொறக்க அது மானத்துக்குப் போகுது."

சென்னியப்பன் இருபதில் நின்றுகொண்டார். மும்பையும் துபாயும் மாறி மாறி ஏற்றி, இருபத்திமூன்றில் துபாய் போனை வைத்தது. ஜீப் இருபத்திமூன்று சாண் உயரத்தில், கிட்டங்கி ஓட்டுக்கு மேலே, வேப்பமரத்தின் நடுக்கிளைக்குச் சமமாக நின்றது. நாலு சக்கரமும் மெதுவாகச் சுழன்று ஓய்ந்தன.

"இருபத்திமூணு லட்சம், ஒரு தரம்" என்றார் தெய்வேந்திரன். "இருபத்திமூணு லட்சம், ரெண்டு தரம்."

அப்புறம் அவர் அண்ணாந்து ஜீப்பைப் பார்த்தார்.

போடியில் மூன்றாம் தரம் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. ஏலக்காய் ஏலத்தைக் கூவி நடத்திய காலத்தில், கூவுகிறவர் வலது கையைச் சாக்குக்குள் விட்டு, சரக்கைத் தொட்டுக்கொண்டுதான் "மூணு தரம்" சொல்லவேண்டும். தொடாமல் சொன்னால் அது விற்பனை இல்லை, வெறும் பேச்சு. ஏன் என்று யாருக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை. பிறகு ஏலக்கூடத்தில் கம்ப்யூட்டர் வந்தது, வியாபாரிகள் மேசைக்கு மேசை உட்கார்ந்து சத்தமில்லாமல் பொத்தானை அழுத்தினார்கள், தெய்வேந்திரன் திருவிழாக்களில் காணாமல்போன பிள்ளைகளின் சட்டை நிறத்தை மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளூர் முறைப்படி நடக்கட்டும், வாங்க வருகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது என்று கம்பெனிதான் அவரைத் தேடிப்பிடித்து, புதுவேட்டி எடுத்துக்கொடுத்து, நோட்டீஸிலும் அப்படியே அச்சடித்துவிட்டது. சரக்கைத் தொட்டு மூன்று தரம் சொல்லப்படும்.

முக்காலி வந்தது, போதவில்லை. ஏணி வந்தது. ராவுத்தரின் கணக்குப்பிள்ளை மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். அறுபத்தோரு வயதில் தெய்வேந்திரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கிலின் கணுக்களில் கால்வைத்து ஏறினார், கூட்டம் "அண்ணே பாத்து, அண்ணே பாத்து" என்றது, பிரீத்திகா போனில் "அவர் ஏறுகிறார், இதோ தொடப்போகிறார்" என்று சொன்னாள், அதைக் கேட்டுப் பொறுக்கமாட்டாமல் துபாய் மறுபடி கூப்பிட்டு இருபத்திநாலு என்றது, ஜீப் ஒரு சாண் மேலே போய்விட்டது, அவர் நீட்டிய கை காற்றில் நின்றது. இறங்கி வந்து மறுபடியும் ஒரு தரம், ரெண்டு தரம் சொன்னார். மறுபடி ஏறினார். மும்பை இருபத்தைந்து என்றது. மூன்றாவது முறை பாதி மூங்கிலில் நின்றுகொண்டு அவர் கீழே பிரீத்திகாவைப் பார்த்துச் சொன்னார்:

"தாயி, ஒண்ணு நான் ஏறணும், இல்ல வெல ஏறணும். ரெண்டும் ஏறுனா நான் எங்கிட்டுப் போயித் தொட?"

பொழுது சாய்ந்தது. கம்பெனி ஷாமியானாவைப் பிரித்தது. ஜீப் ரெண்டு தரத்தில் நின்றுவிட்டது என்று எழுதிக்கொண்டு பிரீத்திகாவை மட்டும் லாட்ஜில் விட்டுவிட்டுப் போனார்கள். தோற்றுப்போன சென்னியப்பனும் போகவில்லை. "வண்டி யாருக்குன்னு தெரியாம ஊருக்குப் போனா தூக்கம் வராதுங்க" என்றார்.

அந்த வாரத்தில் ஊர் ஜீப்பை ஏற்றுக்கொண்டது. முனிசிபாலிட்டி ஆள் வந்து கிட்டங்கி வாசலில் "மேலே வண்டி நிற்கிறது" என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனான். டீக்கடை வேலப்பன் தன் பெஞ்சை முற்றத்துக்குள் கொண்டுவந்து போட்டு, ஜீப்பின் நிழல் நகர நகர அதையும் நகர்த்தினான், பத்து மணிக்குக் குடித்தவர்களும் நாலு மணிக்குக் குடித்தவர்களும் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்து ஒரே நிழலில் குடித்தார்கள். வக்கீல் ஒருவர் தீர ஆராய்ந்து, விற்கப்பட்டதும் அல்ல, விற்கப்படாததும் அல்ல என்றார். கல்யாண ஜோடி ஒன்று பின்னணியில் ஜீப் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டது. மதியம் இரண்டு மணிக்கு வெயில் ஏறியதும் இஞ்சினிலிருந்து ஒரு சொட்டு ஆயில் விழும், அதைப் பிடிக்க பிரீத்திகா ஒரு எவர்சில்வர் தம்ளர் வைத்தாள். ஒரிஜினல் ஆயில். பின்சீட்டுக்கு அடியில் தவிட்டுக்குருவி கூடு கட்ட ஆரம்பித்தது. வண்டி இறங்குமா பார்ப்போம் என்று குறை சொல்வதில் பேர்போனவர்களைக் கூட்டிவந்து ஒருநாள் முழுக்கச் சொல்லவைத்தும் பார்த்தார்கள், மாப்பிள்ளை வீட்டில் குறை, அரசாங்கத்தில் குறை, சாம்பாரில் குறை என்று என்னென்னவோ சொன்னார்கள், ஜீப் அசையவில்லை.

விருமாயிக்கு மட்டும் நிழலும் பிடிக்கவில்லை, டீயும் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை பதினோரு பேரும் வேறு ஜீப்புகளில் தொற்றிக்கொண்டு போனார்கள். செவ்வாய் எட்டுப் பேருக்குத்தான் இடம் கிடைத்தது. புதன்கிழமை ஐந்து பேர். மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். தோட்டத்துக் கங்காணி போன் பண்ணி, காய் பழுத்து உதிருது, வெள்ளிக்கிழமையும் ஆள் வந்து சேரவில்லை என்றால் கம்பத்திலிருந்து வேறு செட்டைக் கூட்டிக்கொள்வேன், அப்புறம் வருத்தப்படாதீங்க என்றான். பத்தொன்பது வருடமாக ஒரே தோட்டம். ஐந்தரை மணி ஆனால் அவள் கால் தானாகவே கிளட்சைத் தேடியது, தரையில் தேய்ந்து நின்றது.

வெள்ளிக்கிழமை விடியும்போது, பனி இறங்கிக்கொண்டிருக்க, மொக்கத்தாய் கிட்டங்கிக்கு வந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள், போக வண்டி இல்லாவிட்டாலும் ஐந்தரைக்கு அங்கே வந்து நிற்பது அவர்களுக்குப் பழக்கம்.

"எம் போர்வ வண்டியிலயே கெடக்கு" என்றாள் மொக்கத்தாய். "ஆறு நாளா குளுர்ல நடுங்குறேன். இருபத்தஞ்சு லட்சம்னா எம் போர்வையும் சேத்தா இருபத்தஞ்சு லட்சம்?"

மூங்கிலைச் சாய்த்தாள், சேலையைச் சொருகினாள், ஏறினாள். மும்பையும் துபாயும் தூங்கிக்கொண்டிருந்தன. லாட்ஜில் பிரீத்திகாவும் தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆகவே விலையும் ஏறவில்லை. மொக்கத்தாய் பின்கதவைத் தாண்டி உள்ளே குதித்தாள்.

ஜீப் இரண்டு சாண் கீழே இறங்கியது.

"ஏ! எறங்குதுடி!"

"அது எறங்கலக்கா, நீ தின்ன கறிச்சோறு எறங்குது" என்றாள் கீழே நின்ற கலாவதி.

"வாய்ப்பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. நீயும் வாடி, ஒன் லச்சணத்தப் பாப்பம்."

கலாவதி ஏறினாள். இன்னொரு இரண்டு சாண். விருமாயி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொருத்தியாக ஏறினார்கள், தூக்குச்சட்டியும் கொக்கியும் காய்ப்பையுமாக ஏறினார்கள், அவரவர் இடத்தில்தான் உட்கார்ந்தார்கள், இடதுபக்க மூலையில் வாந்தி வருகிறவள், அவளுக்கு எதிரில் பாடுகிறவள், நடுவில் தூங்குகிறவள், ஒவ்வொருத்தி உட்காரும்போதும் ஜீப் பெருமூச்சு விட்டதுபோல இறங்கிக்கொண்டே வந்தது, வேப்பமரத்தின் நடுக்கிளையைத் தாண்டி, கிட்டங்கி ஓட்டைத் தாண்டி, வாசல் நிலையைத் தாண்டி வந்தது, பத்தாவது ஆளை மூங்கில் இல்லாமல் மேலேயிருந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள், பதினோராவது ஆள் எக்கிப் படியில் கால்வைத்து ஏறினாள். சக்கரங்களுக்கும் தரைக்கும் நடுவில் மூன்று சாண் இருந்தது. விருமாயி டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் அதுவும் போயிற்று. தூசி மெல்ல எழும்பி அடங்கியது.

அவள் சாவியைத் திருகுவதற்கு முன் ராவுத்தரின் வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாள். ராவுத்தர் பல்துலக்கிக்கொண்டே வந்து நின்றார்.

"மொதலாளி, ஏலம் முடிஞ்சிருச்சா?"

"எங்கிட்டு முடிஞ்சுச்சு? ரெண்டு தரத்துலல்ல நிக்குது."

"முடியிற வரைக்கும் வண்டி யாருது?"

ராவுத்தர் நுரையைத் துப்பிவிட்டு யோசித்தார். "என்னுதுதேன்."

"அப்ப வாடகைய சாயங்காலம் வந்து தாரேன்."

பின்கதவு கடகடத்தது. ஏல எண் 14 என்று எழுதிய அட்டை இன்னும் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கலாவதி அதை எடுத்து நாலாக மடித்துக் கதவிடுக்கில் செருகினாள். சத்தம் நின்றது.

அன்றைக்கு மலை ஏறியதுபோல அந்த ஜீப் என்றைக்கும் ஏறியதில்லை. இருபத்தைந்து லட்சம் மேல்நோக்கி இழுக்க, பன்னிரண்டு பேர் கீழ்நோக்கி இழுக்க, நடுவில் வண்டிக்குப் பாரமே இல்லாமல் போயிற்று. செகண்டு கியருக்கு முழங்கால் தேவைப்படவில்லை. ஒன்பதாவது வளைவில் நிற்கவில்லை, ஆனாலும் மரியாதைக்கு நிறுத்தி, விருமாயி இறங்கி, மற்றவர்கள் வண்டி எழும்பிவிடாமல் ரோட்டோரத் தடுப்பை எட்டிப் பிடித்துக்கொள்ள, பானட்டில் இரண்டு தட்டுத் தட்டி "வாடா ராசா" சொல்லிவிட்டு வந்தாள். தோட்டத்தில் பெண்கள் இறங்கும்போது ஜீப்பைப் பலாமரத்தில் கட்டிப்போட்டாள். கங்காணி அண்ணாந்து பார்த்துவிட்டு, "கயிறு கெட்டியா?" என்று மட்டும் கேட்டான். சாயங்காலம் எடுத்த காயெல்லாம் ஈரச்சாக்கில் ஏறியதால் இறக்கத்தில் பிரேக்கும் நன்றாகப் பிடித்தது.

போடிக்கு வந்து ஆட்கள் இறங்கியதும் ஜீப் தன் விலைக்குப் போய்விடும். விடிந்ததும் வருவார்கள். இப்படியே மாசி போனது. வாரத்துக்கு ஒருமுறை மும்பையும் துபாயும் ஒரு லட்சம் ஏற்றினார்கள், அந்தந்த வாரம் கூட ஒரு ஆளையோ ஒரு மூட்டை உரத்தையோ ஏற்ற வேண்டியிருந்தது, வேலையில்லாமல் இருந்த இரண்டு பெண்களுக்கு அப்படித்தான் தோட்டத்தில் வேலை கிடைத்தது. ராவுத்தர் தினவாடகையை வாங்கிக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் மேலே கைகாட்டி, "நம்ம வண்டி இன்னைக்கி என்ன வெலங்கிறீங்க? ஏறிக்கிட்டே இருக்கப்பட்ட சாமான எவனாவது விப்பானா?" என்றார். குருவிக்கூட்டில் மூன்று குஞ்சுகள் பொரித்தன, அவை நாள் தவறாமல் கேரளா போய் வந்தன.

ஒருநாள் கலாவதிக்குக் காய்ச்சல். ஒரு ஆள் கனம் குறைந்து சக்கரம் தரைக்கு இரண்டு சாண் மேலே நின்றது. டீ பெஞ்சில் இருந்த சென்னியப்பனை மொக்கத்தாய் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க எம்புட்டு இருப்பீங்க?"

"என்னத்தைக் கேக்கறீங்க?"

"கனம்ணே."

"எம்பத்தி மூணுங்க."

"வந்து ஏறுங்க. கலாவதி எடத்துல உக்காருங்க. வாந்தி கீந்தி எடுத்தா வெளிய எடுக்கணும், ஆமா."

வெள்ளை வேட்டியில் அவர் ஏறினார். முப்பத்திரண்டு கார்கள் வைத்திருந்தவர் அவற்றில் ஒன்றில்கூடப் பின்சீட்டில் இடித்துப் பிடித்துக்கொண்டு போனதில்லை. பதினோராவது வளைவில் பாடுகிறவள் பாட ஆரம்பித்தபோது தாளம் போட்டார். சாயங்காலம் வேட்டி முழுக்க ஏலக்காய்க் கறையோடு இறங்கி, அப்படியே கோயம்புத்தூருக்குப் போனார். ஒரு வாரம் கழித்து விருமாயிக்குப் போன் பண்ணினார். உறைகளைக் கழற்றிவிட்டதாகவும், மில்லில் ஷிப்ட் முடிகிற பெண்களை முப்பத்திரண்டு கார்களிலும் வீட்டில் கொண்டுபோய் விடுவதாகவும், "இப்பத்தானுங்க அம்மணி எல்லாமே தரைக்கு வந்துச்சுங்க" என்றும் சொன்னார். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

விடிகாலையில் லாட்ஜில் தூங்குகிற பிரீத்திகாவுக்குப் பகலில் வண்டி எங்கே போகிறது என்று ஊரில் யாரும் சொல்லவில்லை, பங்குனியில்தான் அந்தச் செய்தி கம்பெனிக்குப் போனது. ஜீப் தினமும் விடிகாலையில் தரைக்கு வருகிறது. வந்தால் தொடலாம். தொட்டால் மூன்றாம் தரம் சொல்லலாம். விலை முப்பத்தியொன்றில் நின்றது. பிரீத்திகா தெய்வேந்திரனிடம் போய், நாளைக்கு ஐந்தரைக்குக் கிட்டங்கி வாசலில் நில்லுங்கள் சார், வண்டி உங்களைத் தாண்டித்தான் போகவேண்டும், வலது கையை நீட்டித் தொட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும், நூற்றுக்கு இரண்டு உங்களுக்கு என்று சொன்னாள். அவர் சரி தாயி என்றார். சரி என்றதை வேலப்பன் கேட்டான், வேலப்பன் கேட்டது விருமாயிக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்துவிட்டது.

அவள் எதுவும் செய்யவில்லை. செய்ய எதுவும் இல்லை. வண்டி தரையில் இருந்தால்தான் ஓடும், ஓடினால் அந்த வாசல் வழியாகத்தான் ஓடும், வாசல் அகலம் ஜீப்பைவிட ஒரு முழம்தான் அதிகம். அன்றைக்கு விடிந்ததும் எப்போதும்போல மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பதின்மூன்று பேரும் ஏறினார்கள், மூட்டைகள் ஏறின, அவளும் ஏறினாள், அப்படியும் சக்கரத்துக்கும் தரைக்கும் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. பிரீத்திகா போனைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்க ஓடிவந்தாள். மும்பையில் ஆளை எழுப்பி வைத்திருந்தாள்.

"ஏத்தா, நீ எம்புட்டு இருப்ப?" என்றாள் மொக்கத்தாய் மேலேயிருந்து.

"நாப்பத்தாறு... அக்கா, விடுங்க, நான் இங்கதான் நிக்கணும்!"

"நீ நின்னா வண்டி நிக்காதுத்தா. தரையில பட்டாத்தானே ஒங்காளு தொடுவாரு? ஏறு."

அது சரியாகத்தான் இருந்தது. இரண்டு கைகள் அவளைத் தூக்கி உள்ளே இழுத்தன, யாரோ அவள் மடியில் ஒரு தூக்குச்சட்டியை வைத்தார்கள், இன்னொருத்தி காய்ப்பையைத் தோளில் மாட்டிவிட்டாள், போன் சாக்குகளுக்கு நடுவில் எங்கோ விழுந்து "ஹலோ, ஹலோ" என்றது, குழம்பு கொட்டாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சக்கரம் தரையில் பட்டது.

விருமாயி கியர் போட்டாள். வாசலில் தெய்வேந்திரன் நின்றிருந்தார். கம்பெனி எடுத்துக்கொடுத்த அதே வேட்டி, துவைத்துத் தேய்த்திருந்தது. இடது கையில் வேலப்பன் கடை டீ கிளாஸ், ஆவி பறந்தது. வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் போகமுடியும் அந்த வாசலில். பானட் அவரைத் தாண்டியது. சக்கரத்தின் மேல்தகடு தாண்டியது. அவர் ஜீப்பைப் பார்த்தார், அதன் துருவையும், கதவிடுக்கில் மடித்துச் செருகியிருந்த அட்டையையும், பின்னால் ஒருவர்மேல் ஒருவராக உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தார். பாடுகிறவள் அன்றைக்கு முந்தலுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டாள். அவர் தொண்டையைச் செருமினார்.

விருமாயி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ சூடாக இருந்திருக்கவேண்டும். தெய்வேந்திரன் கிளாஸை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டு, ஊதி, ஒரு மிடறு குடித்தார்.